மீன்செதில் தோலுக்கு வந்த மருந்து, முகக் கிரீம் ஆன கதை

கிளைகோலிக் ஆசிட், லாக்டிக் ஆசிட்னு பேர் போட்ட சீரம் இப்போ மெடிக்கல் ஷாப்லயே கிடைக்குது. மொத்தமா ஆல்ஃபா ஹைட்ராக்ஸி ஆசிட், சுருக்கமா ஏஹெச்ஏ. இதோட வரலாற்றைத் தேடினா எல்லாரும் முதல்ல கிளியோபாட்ராவைக் கூட்டிட்டு வந்துடுவாங்க. கழுதைப்பால்ல குளிச்சாங்களாம், தோல் பளபளன்னு ஆச்சாம். நான் அந்தக் கதையை ஓரமா வைக்கிறேன். ரோமானிய எழுத்தாளர் பிளினி கழுதைப்பால் குளியல் பத்தி எழுதும்போது சொல்றது நீரோவோட மனைவி பொப்பேயாவை. 500 கழுதைகள் கூடவே போகுமாம். தவிர, கறந்த பால்ல லாக்டிக் ஆசிட் பேருக்குத்தான் இருக்கும். புளிச்சாத்தான் சேரும்.

அதைப் பிரிச்சு எடுத்தவர் ஸ்வீடனில் மருந்துக் கடை நடத்திய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1780-ல் புளிச்ச பாலிலிருந்து லாக்டிக், 1784-ல் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக், 1785-ல் ஆப்பிளிலிருந்து மாலிக். இந்தக் குடும்பத்திலேயே சின்ன மூலக்கூறான கிளைகோலிக் ஆசிட் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் ஆய்வகத்துக்கு வந்தது. அப்புறம் தோல் பதனிடவும் துணிக்குச் சாயம் ஏத்தவும் போச்சு. (விளம்பரத்துல கரும்பு படம் போடுவாங்க. கரும்புல இது இருக்கறது நிஜம்தான். ஆனா தொழிற்சாலையில பெரும்பாலும் வேற ரசாயனங்களிலிருந்துதான் தயாரிக்கறாங்க.)

நிஜமான கதை ஃபிலடெல்ஃபியாவுல ஆரம்பிக்குது. டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் யூஜீன் வான் ஸ்காட்டும் வேதியியலாளர் ரூவி யூவும் இக்தியோசிஸ்ங்கற நோயோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க. கிரேக்கத்தில் இக்திஸ்னா மீன். பெரும்பாலும் பிறவியிலேயே வர்ற நோய். நம்ம தோலின் மேல்பரப்பில் செத்த செல்கள் தினமும் கண்ணுக்குத் தெரியாம உதிரும். இவங்களுக்கு உதிராது. செதில் செதிலா அடுக்கிக்கிட்டே போகும், வெடிக்கும். சில வகைகளில் வியர்வை வெளியேற முடியாம, வெயில் காலம் ஆபத்தாவே ஆயிடும்.

ரெண்டு பேரும் 60-க்கும் மேற்பட்ட பொருட்களைச் சோதிச்சாங்க. 1974-ல் வெளியான கட்டுரையில் பலன் தந்ததா சொன்ன பட்டியல்ல சிட்ரிக், கிளைகோலிக், லாக்டிக், மாலிக் எல்லாம் இருக்கு. தினமும் களிம்பா பூசினதில், எபிடெர்மோலிட்டிக் ஹைப்பர்கெரட்டோசிஸ்ங்கற ஒரு வகை தவிர மத்த வகைகளில் தோல் சாதாரணத் தோற்றத்துக்குத் திரும்பியிருக்கு. காரணத்தை 1984-ல் விளக்கினாங்க. செத்த செல் அடுக்கைச் செங்கல் சுவரா நினைச்சுக்கோங்க. இந்த ஆசிட் மேல் வரிசையைச் சுரண்டறதில்லை. அடியில் புதுசா கட்டப்படற வரிசைகளில், செங்கல்கள் ஒட்டிக்கிற பிடிப்பைத் தளர்த்துது.

இங்கேதான் பாதை பிரியுது. 1985-ல் 12% லாக்டிக் ஆசிட்டை அம்மோனியாவால் சமன்படுத்திய லோஷனுக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. டாக்டர் சீட்டு வேணும். இன்னொரு பக்கம், 1988-ல் வான் ஸ்காட்டும் யூவும் நியோஸ்ட்ராட்டா நிறுவனத்தைத் தொடங்கறாங்க. 1992-ல் ஏவான் நிறுவனம் 'அன்யூ' கிரீமை வீடு வீடா கொண்டுபோகுது. இதுக்குச் சீட்டும் வேண்டாம், முன் ஒப்புதலும் வேண்டாம். 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடலின் அமைப்பையோ செயலையோ மாத்தறதுக்குன்னு விக்கிறது மருந்து. தோற்றத்தை மட்டும் மேம்படுத்தறதுக்குன்னு விக்கிறது காஸ்மெட்டிக். அதனால லேபிள்ல "சுருக்கம் குறைவாகத் தோன்றும்"னு எழுதினாப் போதும். ஆனா 1996-ல் வந்த ஆய்வில், 25% ஏஹெச்ஏ லோஷனை 6 மாசம் கையில் பூசினவங்களுக்குத் தோலின் தடிமன் சுமார் 25% கூடியிருந்தது. இது வெறும் தோற்றமான்னு நீங்களே சொல்லுங்க. என்னைக் கேட்டா, சட்டம் பாட்டிலைப் பார்க்காம லேபிளை மட்டும் படிச்சுது.

எரிச்சல், கொப்புளம்னு எஃப்டிஏவுக்குப் புகார்கள் வந்தது. 1998-ல் வெளியான ஓர் அறிக்கையில், அழகுசாதனத் துறையே செலவு பண்ணி நடத்தற நிபுணர் குழு ஒரு வரம்பு சொன்னது: வீட்டு உபயோகத்துக்கு அதிகபட்சம் 10%, பிஹெச் 3.5-க்குக் குறையக் கூடாது. ரெண்டாவது எண்தான் முக்கியம். தோலுக்குள் சுலபமா நுழையறது பிணைப்பில்லாத ஆசிட் மட்டும்தான். கிளைகோலிக் ஆசிட் பிஹெச் 3.83-ல் பாதிக்குப் பாதி அப்படி இருக்கும். கணக்குப் போட்டா, 10% கிரீம் பிஹெச் 3.5-ல் கிட்டத்தட்ட 6.8% வேலை செய்யற ஆசிட்டைத் தருது. அதே 10%, பிஹெச் 5-ல் வெறும் 0.6%. பாட்டில் முன்னாடி பெருசா போடறது 10%ங்கறதை. பிஹெச் பல பாட்டில்ல இருக்கவே இருக்காது.

அடுத்தது வெயில். எஃப்டிஏ ஆதரவில் நடந்த சோதனையில், 4 வாரம் ஏஹெச்ஏ பூசினவங்களோட தோல், புற ஊதாக் கதிர்பட்டுச் சிவக்கற தன்மை 18% கூடியிருந்தது. செல் சேதம் அடையற வாய்ப்பு சராசரியா ரெண்டு மடங்கு. நிறுத்தி ஒரு வாரத்தில் அந்த வித்தியாசம் மறைஞ்சுடுச்சு. அதனாலதான் 2005-ல் எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை வாசகத்தைப் பரிந்துரைச்சது: பூசும்போதும், நிறுத்தின பிறகு ஒரு வாரமும் சன்ஸ்கிரீன் போடுங்க, வெயிலைக் குறைங்க. கவனிங்க, அது வழிகாட்டுதல்தான், கட்டாயச் சட்டம் இல்லை.

2016-ல் நியோஸ்ட்ராட்டாவை ஜான்சன் அண்ட் ஜான்சன் வாங்கினது. அந்த 12% லோஷனை இன்னிக்கும் இக்தியோசிஸுக்கு டாக்டர்கள் எழுதித் தர்றாங்க.