தேயிலை மலையும் கோமாளிக் கலையும்

நகைச்சுவையைத் தமிழர் சிறுபொருளாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைத் தொகுத்துரைக்கும்பொழுது நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை தோன்றும் களங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைச் சுட்டினார். சிரிப்பிற்கே இலக்கணம் கண்ட ஓரினத்தின் கலை வரலாற்றில், அச்சிரிப்பை விளைவித்த எளிய கலைஞனுக்கு உரிய இடம் அளிக்கப்பட்டதா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மன்னனாகவும் முனிவனாகவும் வேடமிட்டவரைப் போற்றிய ஏடுகள், கோமாளியைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து சென்றன.

இக்காலத்தே ஒருவர் தனித்து மேடையேறி, சில நிமிடங்கள் பேசிச் சிரிக்கவைக்கும் கலை ‘ஸ்டாண்ட்-அப் காமெடி’ என்னும் பெயரால் உலகெங்கும் பரவியுள்ளது. இலண்டன் மாநகரில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘காமெடி ஸ்டோர்’ அரங்கில், பயிற்சி நிலையில் உள்ளோரும் மேடையேறினர். அவையோர்க்கு அலுப்புத் தட்டியபொழுது சேகண்டி ஒலித்து அவர்களை இறக்கிவிட்டனர். தமிழகத்தில் விஜய் தொலைக்காட்சி 2005இல் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு?’ நிகழ்ச்சி, புதியவர்கள் சிறுசிறு நகைச்சுவைத் துணுக்குகளை நடுவர் முன் நிகழ்த்தி மதிப்பீடு பெறும் முறையைத் தமிழ் இல்லங்கள்தோறும் கொண்டு சேர்த்தது. இவற்றைக் கண்ட இளைஞர் பலர் இக்கலையை மேலைநாட்டு இறக்குமதி என்றே எண்ணுகின்றனர். பெயர் புதிது என்பது உண்மை. தனியொருவன் அவைமுன் நின்று நகைப்பூட்டுவதும், அவை அவனை எடைபோடுவதும் தமிழர்க்குப் புதியன அல்ல.

தெருக்கூத்தில் முதற்கண் அவையை எதிர்கொள்பவன் கட்டியங்காரன். கதையை அறிமுகம் செய்பவன், அரசனின் ஏவலன், கோமாளி ஆகிய மூவரும் அவனே. அரச வேடத்தார் பாட்டாலும் செந்தமிழ் வசனத்தாலும் பேச, கட்டியங்காரன் ஊரார் பேசும் கொச்சையிலே பேசுவான். துரியோதனன் அவையில் நின்றுகொண்டே உள்ளூர் மணியக்காரரையும், நெல்விலையையும், அன்றைய அரசியலையும் கதைக்குள் இழுத்துவர அவனுக்கு உரிமை உண்டு. அரசனை மடக்கிக் கேள்வி கேட்பதும் அவன் பணியே. எழுதிவைத்த பாடமின்றி, எதிரே இருப்போரின் முகம் பார்த்து அந்நேரத்தில் சொல் தொடுப்பது அவனது தொழில் நுட்பம். பின்னர்ச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நெறிப்படுத்திய இசைநாடக மேடையில் இவ்விடத்தைப் ‘பபூன்’ வேடத்தார் ஏற்றனர்.

அவையின் மதிப்பீடும் அவ்வாறே பழமையானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி அரசன் முன்னிலையில் ஆடிக் காட்டித் தலைக்கோல் பட்டம் பெறுகின்றாள். நூலியற்றிய புலவனும் அறிஞர் அவையிலே அதனை அரங்கேற்றி, எழும் தடைகளுக்கு விடை கூறுதல் வேண்டும் என்பது மரபு. நாட்டுப்புற நிலையில் இதன் வடிவத்தைத் தஞ்சைப் பகுதி லாவணியில் காணலாம். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மற்றொரு கட்சியும் பாட்டாலே வாதிடும். எதிராளியின் பாட்டில் பிழை கண்டு மடக்குவோர்க்கே ஊராரின் ஆரவாரம் கிடைக்கும்.

இம்மரபுகளை நெஞ்சிற் சுமந்தே தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்தனர். 1885இல் பகாங்கின் மலைப்பகுதியை அளக்கச் சென்ற வில்லியம் கேமரன் என்பாரின் பெயரைத் தாங்கிய கேமரன் மலையில், 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்தல், கன்று நடுதல், கொழுந்தெடுத்தல் முதலிய பணிகளில் தமிழர் ஈடுபட்டனர். கங்காணி முறையாலும் அரசின் உதவியாலும் மலாயாவிற்கு நிகழ்ந்த தொழிலாளர் வரவு, இந்திய அரசு 1938இல் விதித்த தடையால் நின்றது. அதன்பின் தோட்ட மக்களின் கலைவாழ்வு தாயகத்திலிருந்து வரும் புதியவரை நம்பி வளர இயலவில்லை. இருந்தவர்களே ஆடவும் பாடவும் பழகவேண்டியதாயிற்று.

மலாயாத் தோட்டங்களின் அமைப்பு இதற்கு இடமளித்தது. வரிசையாய் அமைந்த லயன் வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என்பனவற்றுள் அடங்கிய சிற்றுலகம் அது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கோயில் திருவிழாவே பெருங்கலை நிகழ்வு. கூத்தும் நாடகமும் நிகழ்த்தியோர் பகலெல்லாம் வேலைக்காட்டில் உழைத்தவர். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் நிறுவிய சுகுண விலாச சபையில் வழக்கறிஞரும் அலுவலரும் பொழுதுபோக்காக நடித்தனர். அவர்களை நாடக வரலாறு ‘பயில்முறைக் கலைஞர்’ என்று பெருமையுடன் குறிக்கின்றது. தோட்டத்துக் கோமாளியும் ஊதியம் பெறாத பயில்முறைக் கலைஞனே. அவனுக்கு அப்பெயரைச் சூட்டுவார்தாம் இல்லை.

அவனுக்கு வாய்த்த அவை மிகக் கடுமையானது. மேடையில் நின்றவனும் எதிரே பாய் விரித்து அமர்ந்தவரும் மறுநாள் விடியலில் ஒரே பெரட்டில் நிற்க வேண்டியவர்கள். கட்டணம் செலுத்தி வந்து மறைந்துபோகும் கூட்டம் அன்று அது. சுவையற்ற பேச்சைப் பேசியவன் அதன் விமரிசனத்தைக் கொழுந்துக் காட்டிலும் குழாயடியிலும் கேட்டே ஆகவேண்டும். எவ்விடத்தில் சிரித்தனர், எவ்விடத்தில் முகம் சுளித்தனர் என்பதை உணர்ந்து திருத்திக்கொள்பவனையே அடுத்த திருவிழாவிலும் மேடை ஏற்கும்.

இச்சிரிப்பில் விளையாட்டிற்கும் மேலான ஒன்று அடங்கியிருந்தது. துரை, கிராணி, கங்காணி என்னும் அதிகாரப் படிகளின்கீழ் வாழ்ந்த தொழிலாளி, நேரில் சொல்ல அஞ்சியதைக் கோமாளியின் வாய்வழியே கேட்டு ஆறுதல் கொண்டான். இலங்கை மலையகத்தில் இதற்குத் தெளிவான சான்றுகள் உள. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைப் பயிரைத் தொடங்கிய நாள்முதல் வளர்ந்த அத்தோட்டங்களில் காமன் கூத்து இன்றும் வழங்கி வருகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் துயரத்தோடு எள்ளலும் கலந்தே ஒலிக்கின்றது. கங்காணியின் கொடுமையை ஒரு மனுவாக எழுதியிருப்பின் எழுதியவன் வேலையிழந்திருப்பான். கேலியாகப் பாடியபொழுது அது வேடிக்கை என்னும் போர்வையில் தப்பியது.

ஆயினும் கோமாளியின் உரிமை எப்பொழுதும் நன்னெறியிலே சென்றது எனக் கூறுதல் உண்மையாகாது. மேலோரை எள்ளிய அதே நாவு பெண்களையும், உடற்குறை உடையோரையும், சாதியால் தாழ்த்தப்பட்டோரையும் எள்ளியதுண்டு. வலியோரை நோக்கி எறியும் எள்ளல் துணிவு. எளியோரை நோக்கி எறியும் எள்ளல் கொடுமை. இவ்வேறுபாட்டைத் தன் கலையாலே உணர்த்தியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் (1908–1957). வில்லுப்பாட்டும் நாடக மேடையும் வளர்த்த அப்பெருங்கலைஞர், நந்தனார் கதையின் போக்கைத் தழுவிக் ‘கிந்தனார்’ காலட்சேபத்தைப் படைத்தார். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்திலும் அது இடம்பெற்றது. ஒடுக்கப்பட்ட சமூகத்துச் சிறுவன் கல்வியால் உயர்வதை அது சிரிக்கச் சிரிக்கக் கூறியது. அங்கே நகைப்பிற்கு உள்ளானது சிறுவனின் பிறப்பு அன்று. அவனைத் தடுத்த அறியாமையே ஆகும்.

இந்நாட்டுத் தமிழர் விமரிசனத்தின் பயனை நன்கு அறிந்தவர். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் 1950ஆம் ஆண்டு சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினர். புதியவர்கள் எழுதினர், அறிந்தவர்கள் குறைநிறைகளை எடுத்துரைத்தனர், மலேசியத் தமிழ்ச் சிறுகதை அதனால் ஊக்கம் பெற்றது. சிறுகதைக்குப் பயன்பட்ட அவ்வழி நகைச்சுவை உரைக்கும் பயன்படும். கைதட்டலை மட்டும் எண்ணிப் பரிசளித்தல் மதிப்பீடு ஆகாது. இச்சிரிப்பு நால்வகைக் களத்துள் எதில் தோன்றியது, எள்ளலாயின் யாரை எள்ளியது, சொல்லில் சிக்கனம் உண்டா, கேட்போரின் வாழ்விலிருந்து எழுந்ததா என வினவுதலே மதிப்பீடு.

தேயிலைத் தோட்டங்களின் முகம் இன்று மாறிவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களை நாடிப் பெயர்ந்துவிட, அயல்நாட்டுத் தொழிலாளர் பெருமளவில் அப்பணிகளை ஏற்றுள்ளனர். லயன் கலைந்தபொழுது அவையும் கலைந்தது. அவை கலைந்தபொழுது கோமாளியும் மேடை இழந்தான். எஞ்சியிருக்கும் மேடை தமிழ்ப்பள்ளி மேடையே. அங்கும் மாணவர் மனனம் செய்த பேச்சையே பெரும்பாலும் ஒப்புவிக்கின்றனர். ஆண்டுக்கொருமுறையேனும் ஐந்து நிமிடம் தம் வாழ்வைத் தம் மொழியில் நகைச்சுவையுடன் பேசவும், உடன்பயில்வோர் அன்போடும் நேர்மையோடும் அதனைத் திறனாயவும் ஆசிரியப் பெருமக்கள் வழிசெய்வாராயின், தொல்காப்பியர் வகுத்த நகை பாடநூற் பக்கங்களினின்று எழுந்து மாணவர் நாவில் வாழத் தொடங்கும். பனி படர்ந்த மலைச்சரிவுகளில் பகலெல்லாம் உழைத்து, இரவில் உடன் வாழ்ந்தோரைச் சிரிக்கவைத்த அப்பெயரறியாக் கலைஞர்க்கு அதுவே தக்க நினைவுச் சின்னமாகும்.