ஆமை போட்ட சதுரம்

1940-களின் கடைசி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்த கிரே வால்ட்டர், இரண்டு இயந்திர ஆமைகளைச் செய்து தரையில் விட்டார். எல்மர், எல்சி என்று பெயர். வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்தன. எதிலாவது முட்டினால் விலகிப் போயின. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் ஆமைக்கு உருப்படியான வேலை கிடைக்க இருபது ஆண்டுகள் ஆயின.

1967-இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்கென்றே ‘லோகோ’ என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். அன்றைய கம்ப்யூட்டரின் விலை எந்தப் பள்ளிக்கும் எட்டாதது. பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று சிரித்தவர்கள் உண்டு. பேப்பர்ட் அசையவில்லை. ஜெனீவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயுடன் பணியாற்றியவர் அவர். கம்ப்யூட்டர் பிள்ளையைப் பழக்கக் கூடாது, பிள்ளைதான் கம்ப்யூட்டரைப் பழக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஆனால் முதல் லோகோவில் சொற்களை மாற்றி அடுக்கத்தான் முடிந்தது. கண்ணால் பார்க்கவும் கூடவே நடக்கவும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

வந்து சேர்ந்தது, வால்ட்டர் ஆமையின் வாரிசு.

பேனா பொருத்திய ரோபோ ஆமை தரையில் இறங்கியது. முன்னே போ, 90 பாகை திரும்பு என்று நான்கு முறை சொன்னால் சதுரம். வட்டம் எப்படி? திகைத்த பிள்ளை எழுந்து நடந்தே பார்த்தது: கொஞ்சம் முன்னே, கொஞ்சம் திரும்பு, மறுபடி கொஞ்சம் முன்னே. சூத்திரம் தெரியாமலே வடிவியல் காலில் ஏறியது! பிறகு ஆமை திரைக்குள் புகுந்தது. கம்ப்யூட்டர் மலிந்ததும் பல நாட்டுப் பள்ளிகளுக்குப் போனது. இந்தியாவும் 1984-இல் ‘கிளாஸ்’ என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, 250 பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினிகளை வைத்தது. ஆனால் லோகோவில் ஓர் அடைப்புக்குறி தப்பினாலும் பிழைச்செய்திதான். பிள்ளைகள் சோர்ந்தார்கள். ஆமையின் கதை முடிந்தது என்றே தோன்றியது.

விடாதவர் மிட்சல் ரெஸ்னிக். பத்திரிகையாளராக இருந்து, 1982-இல் பேப்பர்ட்டின் உரையைக் கேட்டுப் பாதை மாறியவர். கட்டளைகளைத் தட்டச்சு செய்யவே வேண்டாம், லெகோ கட்டைபோல் பொருத்தினால் போதும் என்று அமெரிக்காவின் எம்ஐடியில் அவர் குழு முடிவு செய்தது. பொருந்தாத கட்டை ஒட்டவே ஒட்டாது. வேலை முடியும் தறுவாயில், 2006 டிசம்பரில், ஹனோய் சாலையில் பேப்பர்ட் மீது மோட்டார் சைக்கிள் மோதியது. மூளையில் பலத்த காயம்.

ஐந்து மாதம் கழித்து, 2007 மே மாதத்தில் ரெஸ்னிக் குழுவின் மொழி வெளிவந்தது. ஆமையின் இடத்தில் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை நின்றது. பெயர் ஸ்கிராட்ச்.

2019-இல் வந்த தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசி அலகான ‘காட்சித் தொடர்பு’ சொல்லித் தருவது இந்த ஸ்கிராட்சைத்தான். பொதுத்தேர்வு அவசரத்தில் அந்த அலகை வெறும் கேள்வி-பதிலாக மனப்பாடம் செய்ய வைப்பது பெரிய அநியாயம். இத்தனைக்கும் ஸ்கிராட்சுக்குக் காசு கிடையாது. ஒரு முறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும்.