கலங்கரை விளக்கமும் விளக்குக் கப்பலும்

காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பது கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நாட்டிலும் வழங்கும் நம்பிக்கை. ஈண்டுக் கரைதல் என்பது அழைத்தலாம். கலங்கரை விளக்கம் என்னும் பெயருள் நிற்பதும் இச்சொல்லே. கலங்கள் அணையும் கரையில் உள்ள விளக்கு எனப் பிரிப்பாரும் உளர். அப்பொருள் பொருந்துமா என்பது ஆராயற்பாலது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, ஏணி சாத்திய உயர்ந்த மாடத்தையும், கூரை வேயாத அதன் உச்சியில் இரவில் ஏற்றிய சுடரையும் கூறுகின்றது. அச்சுடர் கடலில் ஓடும் கலங்களைக் கரையும் என்பது புலவர் வாக்கு. ஆண்டுக் கரை என்பது வினை, நிலத்தின் விளிம்பன்று. ஆகவே, கலத்தை அழைக்கும் விளக்கு என்பதே நேரிய பொருளாம்.

இப்பொருள் கொண்டால், நிலத்தைச் சாராத விளக்குக்கும் இப்பெயர் தகும். கோபுரம் எழுப்ப இயலாத மணல்திட்டுகளின் அருகே, பாய்மரத்தில் விளக்கேந்திய கப்பலை நங்கூரமிட்டு நிறுத்துதல் மேனாட்டார் கண்ட முறை. தேம்சு ஆற்று முகத்தில் நோர் என்னுமிடத்தில் 1732இல் இது தொடங்கிற்று. கல்கத்தாவுக்குச் செல்லும் கலங்களுக்கு வழிகாட்ட ஊக்ளி ஆற்று முகத்திலும் இத்தகைய கப்பல்கள் நின்றன.

நியூயார்க் துறைமுக வாயிலில் 1908இல் பணியேற்ற அம்புரோசு என்னும் விளக்குக் கப்பல், 1968இல் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அளிக்கப்பட்டு, பின்னர்ப் புதுக்கப்பெற்றது. அது 1932இல் அந்நிலையை விட்டு வேறு நிலைகளுக்கு மாறியது. அதன் கருவிகளும் காலந்தோறும் மாறின. இவற்றுள் எக்காலத்து உருவை மீட்பது? புதுக்குவார் முன் நிற்கும் வினா இதுவே. பாட வேறுபாடுகளை எதிர்கொள்ளும் பதிப்பாசிரியர் வினாவும் இதுவே அன்றோ?

மாமல்லபுரத்து உலக்கண்ணேசுவரர் கோயில் இதற்கு நம் நாட்டுச் சான்று. எட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் அப்பல்லவர் தளியின் சிகரம் அழிந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அதன்மேல் விளக்கேற்றினர். அருகே கற்கோபுரம் எழுந்தபின் அப்பணி முடிந்தது. இது கண்டு, பெரும்பாணாற்றுப்படை கூறும் மாடம் இதுவே எனத் துணிதல் கூடாது. பாட்டு பல்லவர் தளிக்கு முற்பட்டது; விளக்கோ தளிக்குப் பன்னூறாண்டு பிற்பட்டது. மூன்று காலங்களை ஒன்றாக்குதல் வரலாறு ஆகாது.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, ஏடுகளை ஒப்புநோக்கிய பின்னரே பாடம் வரைந்தார். பழைய விளக்குகளைப் புதுக்குவார்க்கும் அந்நெறியே உரியது.

கரிசல் நிலத்துப் பஞ்சு தூத்துக்குடி வழியாகவே கடல் கடந்தது. ஆழமற்ற அக்கடலில், 1974இல் புதிய துறைமுகம் அமையுமுன், பெருங்கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணிகளே சரக்கேற்றின. அக்கப்பல்களை அழைத்த முயல் தீவு விளக்கின் வரலாறு, இப்பகுதி மாணவர் ஆய்வுக்குக் காத்திருக்கின்றது. புதுக்கும் கை தொடுமுன் ஆராயும் கண் செல்லுக.