சாயவேரும் பீடத்திரையும்

1658இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்த டச்சுக்காரர்கள் முத்தை மட்டும் நம்பி இங்கே உட்காரவில்லை. சிப்பி விளைந்த ஆண்டில்தான் முத்துக்குளிப்பு. மற்ற ஆண்டுகளில் துணிதான் கப்பலேறியது. அன்றைய தென்னிந்தியத் துணியின் பேர்போன சிவப்பு சாயவேர் தந்தது. மன்னார் வளைகுடாவின் கரையோர மணலில் தானாக முளைக்கும் அந்தச் சிறு செடியை இம்பூறல் என்றும் சொல்வார்கள்.

அந்தச் சிவப்பை நாடி வந்தவர்களில் பாரசீகத்து ஜுல்ஃபாவின் ஆர்மேனிய வணிகர்களும் உண்டு. விற்க வாங்கியது போக, தங்கள் கோயில்களுக்கென்றே சோழமண்டலக் கரையில் பீடத்திரைத் துணி எழுதச் சொன்னார்கள். கடுக்காயும் பாலும் ஊறிய பருத்தித் துணி. இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பு மையால் கோடு. படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயவேர்க் கொதியில் சிவப்பு பிடிக்கும். அனடோலியாவின் தோகாத் நகரத்தில் மர அச்சால் அடித்த திரைகள் இன்னொரு வகை. பல திரைகளின் ஓரத்தில் கொடுத்தவர் பெயரும் ஆர்மேனிய ஆண்டும் இருக்கும். 551 கூட்டினால் நம் கணக்கு வரும். இங்கே அந்த எழுத்தை வரைந்த கைக்கு அந்த மொழி தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்தக் கையின் பெயர்தான் எனக்கு வேண்டும்; அதைத் துணி சொல்வதில்லை.

பெருந்தவக்காலத்தில் ஆர்மேனியக் கோயிலின் பீடம் திரையால் மூடியே இருக்கும். வாரக்கணக்கில் மக்கள் பார்த்து மன்றாடுவது அந்தத் துணியைத்தான். எருசலேமுக்குப் போய்வந்தவரை ‘மக்தெசி’ என்று பட்டம் சேர்த்து அழைத்த சமூகம் அது. திருத்தலத்துக்குத் துணி காணிக்கை தருவது அவர்களுக்குப் பெரும் புண்ணியம். வேளாங்கண்ணி மாதாவுக்குப் புடவை நேர்ந்துகொள்கிற நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

வணிகத்துக்கு வந்த இடத்திலும் அவர்களுக்கு ஒரு திருத்தலம் இருந்தது. 1517இல் பழவேற்காட்டில் இறங்கிய போர்த்துகீசியரை மயிலாப்பூரில் புனித தோமையார் கல்லறைக்கு அழைத்துப் போனவர்கள் ஆர்மேனியர்களே. இரண்டு நூற்றாண்டு கழித்து, சென்னையின் பெருவணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான், யாத்திரிகர்கள் பரங்கிமலை ஏறப் படிக்கட்டு அமைத்தார்; அடையாற்றைக் கடக்க 1726இல் சைதாப்பேட்டையில் பாலமும் கட்டினார். இரண்டையும் பராமரிக்கத் தனியாகப் பணமும் ஒதுக்கினார். 1751இல் இறந்த அவர் உடல் வேப்பேரியில் அடக்கமானது. இதயம் மட்டும் ஜுல்ஃபாவுக்குப் போனது.

அடுத்த வாரம், மன்னார் மணலில் அந்த வேரைத் தோண்டியவர்களிடம் போவோம்.

(தொடரும்)