பால்வாடித் தராசும் எங்க வீட்டுத் துண்டும்

கடலை பிடுங்குற வேலை முடிஞ்சு இப்பத்தான் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு. இந்தத் தடவை வெள்ளாமையைப் பத்தி எழுதல. எங்க ஊரு பால்வாடியோட கதையை எழுதுறேன். அதுக்குக் காரணம் எங்க வீட்டுல நடந்த ஒரு பேச்சு.

பேத்திக்கு ரெண்டரை வயசு. பால்வாடிக்கு அனுப்பலாம்னு நான் சொன்னேன். மருமக வேனில் போற நர்சரியில சேர்க்கணும்னு சொல்லுச்சு. "பால்வாடியில என்ன மாமா சொல்லித் தர்றாங்க? சோத்தைப் போட்டுத் தூங்க வைக்கிறாங்க, அவ்வளவுதானே"ன்னு கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. அந்தக் கட்டடத்துக்குள்ள நான் கால் வச்சே முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. மறுநாள் போனேன். டீச்சர் உக்காரச் சொல்லிட்டு ஒரு வார்த்தை சொன்னாங்க: "அண்ணே, பிள்ளைகளை வாசல்லயே விட்டுட்டுப் போயிடுறாங்க. உள்ள யாரும் வர்றதில்ல." அது மனசுல தச்சிருச்சு. ஏன்னா, ஒரு காலத்துல நிலைமை தலைகீழா இருந்துச்சு.

எங்க ஊரு மதுரை மாவட்டம், கொட்டாம்பட்டி ஒன்றியம். வானம் பார்த்த பூமி. 1980ல உலக வங்கிக் கடனோட தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. அதை முதல்ல சோதிச்சுப் பார்த்த ஒன்றியம் எங்க கொட்டாம்பட்டிதான். எத்தனையோ ஊரு இருக்க இங்க ஏன் வந்தாங்கன்னு பெருமைப்பட ஒண்ணுமில்ல. பிள்ளைங்க அவ்வளவு மெலிஞ்சு கிடந்துச்சுங்க.

அப்போ எனக்குப் பத்து வயசு, தங்கச்சிக்கு ரெண்டு. ஆறு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை மாசாமாசம் எடை போடணும். எடையை ஒரு அட்டையில புள்ளி வச்சுக் கோடு இழுப்பாங்க. கோடு மேல ஏறுனா பிள்ளை நல்லா வளருது. ஏறாம நின்னாலோ இறங்குனாலோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் தினமும் சத்துமாவு உருண்டை கொடுப்பாங்க. 90 நாள் கொடுத்துப் பார்த்து, எடை ஏறிருச்சுன்னா நிறுத்திருவாங்க. எல்லாருக்கும் சோறு போடுற திட்டம் இல்ல அது. தேவைப்படுற பிள்ளைக்குத் தேவைப்படுற வரைக்கும் மட்டும்தான்.

கேக்க நல்ல கணக்காத்தான் இருக்கு. ஆனா ஊருக்குள்ள அது எப்படிப் போச்சுன்னு நினைக்கிறீங்க? "அவ பிள்ளைக்கு உருண்டை, எம் பிள்ளைக்கு இல்லையா?"ன்னு குழாயடியில சண்டை. பிள்ளையை நிறுத்துனா கண்ணு பட்டுரும்னு பயம். உருண்டை கிடைச்சாலும் அவமானம். "என் பிள்ளைக்குச் சோறு போட எனக்குத் தெரியாதா?"ன்னு எங்க அம்மாவே கேட்டாங்க. எடை போடுற நாளு வந்தா தங்கச்சியைத் தூக்கிக்கிட்டுக் களை வெட்டப் போயிருவாங்க.

இதையெல்லாம் சமாளிச்சது அதிகாரிங்க இல்ல. எடை போட வந்த அக்காதான். அந்த வேலைக்கு ஆள் எடுக்குறப்ப ஒரு நல்ல விதி வச்சிருந்தாங்க. அதே ஊரு பொம்பளையா இருக்கணும். வசதி இல்லாட்டியும் தன் பிள்ளையை நல்லா வளர்த்தவளா இருந்தா இன்னும் நல்லது. எங்க அக்காவும் கூலி வீட்டுப் பொம்பளதான். மூணு பிள்ளை, மூணும் திடமா இருக்கும். "நீ எப்படி வளர்க்கணும் தெரியுமா?"ன்னு அவங்க யாருகிட்டயும் ஆரம்பிச்சதில்ல. எங்க அம்மா களை வெட்டுற வரப்புக்கே வந்தாங்க. கூட நாலு நிரை களை வெட்டிட்டு, அட்டையை எடுத்துக் காட்டி, "இந்தக் கோடு எறங்குது பாரு. இது உன் தப்பில்ல. போன மாசம் வயித்தால போச்சுல்ல, அதுதான்"னாங்க. எழுதப் படிக்கத் தெரியாத எங்க அம்மாவுக்கு அந்தக் கோடு புரிஞ்சுச்சு. அடுத்த மாசம் அவங்களா தூக்கிக்கிட்டுப் போனாங்க.

அடுத்து இன்னொரு சிக்கல். சொல்லக் கூச்சமா இருந்தாலும் மறைக்கக் கூடாது. தராசை மந்தை வேப்பமரத்துல கட்டித் தொங்கவிடுவாங்க. ஒரு தூளி, அதுலதான் எல்லாப் பிள்ளையும். "காலனிப் பிள்ளை உக்காந்த தூளியில நம்ம பிள்ளையை வைக்கிறதா?"ன்னு எங்க அப்பத்தா நின்னுருச்சு. இன்னும் நாலஞ்சு வீட்டுலயும் அதே பேச்சு. காலனித் தாய்மாரும் மந்தைக்கு வரத் தயங்கி ஓரமா நின்னாங்க. அக்கா ரெண்டு வேலை செஞ்சாங்க. தராசைத் தூக்கிக்கிட்டுக் காலனிக்கும் போனாங்க. மந்தைக்கு வர்றவங்க அவங்கவங்க வீட்டுத் துண்டைக் கொண்டு வரலாம்னாங்க. எங்க வீட்டுலயும் ஒரு சிவப்புத் துண்டு போச்சு.

இது சரியா? இப்ப யோசிச்சா அது தீண்டாமைக்கு வளைஞ்சு கொடுத்த மாதிரிதான் தெரியுது. ஆனா வளையலேன்னா எங்க தங்கச்சி தராசுலயே ஏறிருக்காது. இதுக்கு இன்னிக்கும் எங்கிட்ட நேர்ப் பதில் இல்ல.

இதே சிக்கல் நமக்கு முன்னாடியே வேற இடத்துல வந்திருக்கு. குஜராத்துல கிஜுபாயோட சேர்ந்து குழந்தைக் கல்விக்கு உழைச்சவங்க தாராபாய் மோடக். 1945ல பம்பாய் மாகாணத்து போர்டி கிராமத்துல பால்வாடி ஆரம்பிச்சாங்க. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைங்க அங்க வரல. பிள்ளை வரலேன்னா பள்ளிக்கூடம் போகட்டும்னு அவங்க குடியிருப்பு முற்றத்துலயே போய்ப் பாடம் நடத்துனாங்க. அங்கன்னா முற்றம். அங்கன்வாடிங்கிற பேரு வந்த வழி அதுதான். 1975 அக்டோபர் 2ல மத்திய அரசு 33 ஒன்றியங்கள்ல குழந்தை வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பிச்சப்ப அந்தப் பேரு நாடு முழுக்கப் பரவுச்சு. பேருலயே வீட்டு வாசல் இருக்கு பாருங்க.

பிறகு 1982 ஜூலை 1. திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஆரம்பிச்சு வச்சார். கிராமத்துல ரெண்டு வயசுல இருந்து ஒன்பது வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு மதியச் சோறு. எனக்குப் பன்னெண்டு வயசு, அதனால கிடையாது. 1984ல பதினைஞ்சு வயசு வரைக்கும் விரிச்ச பிறகுதான் எனக்கும் தட்டு வந்துச்சு. அதுவரைக்கும் தங்கச்சியைக் கொண்டு போய் விட்டுட்டு வாசனை பிடிச்சுக்கிட்டே திரும்புவேன். ஆயா வேலைக்கு விதவைகளுக்கும் ஆதரவில்லாத பொம்பளைகளுக்கும் முன்னுரிமை கொடுத்தாங்க. எங்க ஊருல வந்த ஆயாவும் சின்ன வயசுலயே தாலி இழந்தவங்கதான்.

அந்த வருசம் மழை பொய்ச்சுப் போச்சு. 82-83 வறட்சியைப் பெரியவங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. கண்மாய் வெடிச்சுக் கிடந்துச்சு. ஒரே அண்டாவுல ஆக்குன சோத்தை எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே வரிசையில உக்காந்து தின்னுச்சு. எங்க அப்பத்தா வாசல் வரைக்கும் வந்து பார்த்துச்சு. ஒண்ணும் பேசல. திரும்பிப் போயிருச்சு. அதுக்கப்புறம் துண்டைப் பத்தி எங்க வீட்டுல யாரும் பேசல.

சோத்துக்கு அரிசி பருப்பு அரசாங்கம் கொடுத்துச்சு. ஆனா சாம்பாருல போட முருங்கைக்கீரை எங்க வேலியில இருந்து போச்சு. ஒருத்தர் பூசணிக்கா, ஒருத்தர் விறகு, கூரை பிரிஞ்சா நாலு கட்டு வைக்கோல். அதே சமயம் எடை போடுற அக்கா மாதர் கூட்டம் நடத்துனாங்க. பேதிக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கலக்க எங்க அம்மா அங்கதான் கத்துக்கிட்டாங்க. அப்புறம் அம்மாவே பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

தொண்ணூறுகள்ல எடை போடுறதும் பால்வாடியும் ஒரே மையமாச்சு. 1989ல இருந்து முட்டையும் வந்துச்சு. கான்கிரீட் கட்டடம் வந்துச்சு. எல்லாம் நல்லதுதான். ஆனா கட்டடம் வந்ததும் அது அரசாங்கத்தோடதுன்னு நாங்க ஒதுங்கிட்டோம். கீரை கொடுக்குறது நின்னுச்சு. மாதர் கூட்டம் தேஞ்சு போச்சு. டீச்சருக்கோ பதிவேடும் செல்போன் ஆப்பும் பார்க்கவே பாதி நாள் போயிருது. வாசப்படிக்கு அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் நாங்க. இப்ப எங்க மையத்துல எட்டுப் பிள்ளைங்க. இன்னும் குறைஞ்சா பக்கத்து ஊரு மையத்தோட சேர்த்துருவாங்களோன்னு டீச்சர் பயப்படுறாங்க. அப்படி ஆனா கூலி வேலைக்குப் போற காலனித் தாய்மாரு ரெண்டு வயசுப் பிள்ளையை எங்க விடுவாங்க? வேனுக்குப் பணம் கட்ட முடிஞ்ச நமக்கு அது கவலை இல்ல. அவங்களுக்கு அதுதான் அன்னிக்குக் கூலி.

நான் மருமககிட்ட வாதாடல. "ஒரு நாளு உள்ள போய் உக்காந்து பாரும்மா, பிடிக்கலேன்னா உன் இஷ்டம்"னேன். போச்சு. பிள்ளைங்க புளியங்கொட்டையை எண்ணி விளையாடுறதையும் பாட்டுக்கு ஆடுறதையும் பார்த்துட்டு வந்து, "ஒரு வருசம் இங்க போகட்டும் மாமா, அப்புறம் பாப்போம்"னு சொல்லிருக்கு. முழு மனசுன்னு சொல்ல மாட்டேன். போன வாரம் எடை போட்ட அன்னிக்கு வேற மூணு தாய்மாரையும் அதுவே கூட்டிட்டுப் போச்சு. நான் முருங்கைக்கீரை ரெண்டு கட்டு கொடுத்து விட்டேன்.

நகரத்துல இருக்குற சொந்தங்களே, அடுத்த தடவை ஊருக்கு வர்றப்ப கோயிலுக்குப் போற வழியில அந்தச் சின்னக் கட்டடத்துக்குள்ளயும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. உங்கள்ல பாதிப் பேரு முதல் சோறு தின்ன இடம் அது.