ஒரே போலீஸ், இரண்டு கைதிகள், ஒரு இசைத்தட்டு

ஜாஸ் கேட்பவர்களில்கூட முக்கால்வாசிப் பேர் பேஸ் வாசித்தது யார் என்று தேடுவதில்லை. சாக்ஸபோன்காரர் பெயர் அட்டையில் பெரிசா இருக்கும்; பேஸ்காரர் பின்னால் எங்கேயோ நிற்பார். சார்லி ஹேடன் அப்படி நின்றவர்தான். ஆனால் அவர் யார் யாரோடு சேர்ந்து ஒலிப்பதிவு செய்தார் என்று பார்த்துக்கொண்டே போனால், போர்ச்சுகல் சர்வாதிகாரத்தின் கடைசிக் காலத்தில் போய் நிற்போம்.

1937-ல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். குடும்பமே ஒரு கன்ட்ரி இசைக்குழு. இரண்டு வயதிலேயே வானொலியில் பாட ஆரம்பித்தார். பதினைந்து வயதில் போலியோ வந்து குரலைக் கெடுத்தது. பாட்டு போச்சு, பேஸ் மிஞ்சியது. 1959-ல் ஆர்னெட் கோல்மனோடு பதிவு செய்த 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' அவரை அடையாளம் காட்டியது. கோல்மன், முன்கூட்டி வகுத்த கார்டு வரிசைக்குக் கட்டுப்பட மாட்டார். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று காதால் பிடித்துக்கொண்டே கூடப் போகணும். ஹேடன் போனார்.

1971 நவம்பரில் கோல்மன் குழு லிஸ்பன் பக்கத்தில் உள்ள கஷ்காய்ஷ் ஜாஸ் விழாவுக்கு வந்தது. அப்போது போர்ச்சுகல் அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் மூன்றிலும் விடுதலை இயக்கங்களோடு போர் நடத்திக்கொண்டிருந்தது. தான் எழுதிய 'சாங் ஃபார் சே'யை அந்த இயக்கங்களுக்குச் சமர்ப்பிப்பதாக ஹேடன் மேடையிலேயே சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. மறுநாள் விமான நிலையத்தில் ரகசிய போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தது. அமெரிக்கத் தூதரகம் தலையிட்ட பிறகு விட்டார்கள்.

1974 ஏப்ரல் 25 அன்று அந்த ஆட்சி கவிழ்ந்தது. 1976-ல் ஹேடன் 'க்ளோஸ்னஸ்' வெளியிட்டார். கீத் ஜாரெட், கோல்மன், ஆலிஸ் கோல்ட்ரேன், பால் மோஷன் என்று ஆளுக்கொரு டூயட். டிரம்ஸ்காரர் மோஷனோடு வாசித்ததன் பெயர் 'ஃபார் எ ஃப்ரீ போர்ச்சுகல்'. கஷ்காய்ஷ் மேடையில் அவர் சொன்ன சமர்ப்பணம் அந்தப் பதிவுக்குள்ளேயே கேட்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் ஹேடன் ஒரு வீரர், அவ்வளவுதான். ஆனால் 1990-ல் 'டயலாக்ஸ்' வந்தது. கூட வாசித்தவர் கார்லோஸ் பரேதஸ். பன்னிரண்டு கம்பி போர்ச்சுகீசிய கித்தாரின் மேதை. பிழைப்புக்கு லிஸ்பனில் ஒரு அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைக்கிற வேலை. அதே போலீஸ் 1958-லேயே அவரைக் கம்யூனிஸ்ட் என்று பிடித்து ஒரு வருஷத்துக்கும் மேல் சிறையில் வைத்தது. வேலையும் போனது. அறைக்குள் கித்தார் இல்லாமலே விரல்களை அசைத்து மனசுக்குள் மெட்டுக் கட்டினாராம். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்தார்களாம்.

ஹேடனைக் காப்பாற்ற அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. பரேதஸைக் கேட்க எந்தத் தூதரகம் வரும்? அவர் பிடிபட்டதே சொந்த நாட்டில். ஒரே போலீஸிடம் இருவரும் மாட்டினாலும் இருவரும் கொடுத்த விலை ஒன்றல்ல. 'டயலாக்ஸ்' கேட்கும்போது இதை மறக்கக் கூடாது. ஹேடனும் மறந்தவராகத் தெரியவில்லை: தட்டில் பெரும்பாலானவை பரேதஸ் மெட்டுகள். கித்தார் முன்னால் ஓடுகிறது. பேஸ் கீழே குறைவான ஸ்வரங்களோடு இடம் விட்டு நிற்கிறது. நடுவில் 'சாங் ஃபார் சே'யும் வருகிறது. ஹேடனை எந்தப் பாட்டுக்காகப் பிடித்தார்களோ, அதே பாட்டு.