கிழக்கேகோட்டை சைலன்சரும் ஹிரோஷிமாக் கடனும்

போன ஞாயிறு பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையன் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். இங்கே சிட்னியில் அந்த வண்டிக்குப் பித்துப் பிடித்து அலைகிற கூட்டமே உண்டு. கிளப்பினான் பாருங்க... தெருவே எட்டிப் பார்த்தது. "சைலன்சர் உள்ளே வெந்து போச்சு அங்கிள்" என்றான். எனக்குக் கிழக்கேகோட்டை ஞாபகம் வந்துவிட்டது.

சாலைக் கடைத்தெரு பக்கம் ஒரு சந்தில் நாகர்கோவில் அண்ணாச்சி ஒருத்தர் பட்டறை வைத்திருந்தார். டூ ஸ்ட்ரோக் ஆட்டோவும் ஸ்கூட்டரும் பெட்ரோலோடு எண்ணெயையும் எரிக்குமில்லையா, சைலன்சரில் கரி அடைத்துக்கொள்ளும். நெருப்பில் போட்டுச் சுட்டு, தட்டி உதிர்த்து, ஓட்டை விழுந்த இடத்தில் வெல்டிங் வைத்துக் கொடுப்பார்.

ரோட்டரி எஞ்சினும் எண்ணெய் குடிக்கிற சாதிதான். ஆனால் அதன் சைலன்சருக்கு எமன் சூடு. முழு வேகத்தில் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். புகையைத் திறந்துவிட வால்வு கிடையாது. ரோட்டார் ஓரம் ஓட்டையைத் தாண்டியதும் 'பட்'டென்று வெளியே பாயும். எரியாத பெட்ரோல் வேறு குழாயிலேயே எரியும். உள்ளே அடைத்த கண்ணாடிப் பஞ்சு உருகிப் பறந்துவிடும். ஒரு மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 700 டிகிரி சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். நீள இடம் கொடுக்காவிட்டால் வெல்டிங்தான் பிளக்கும். அதனால் தகடு கனமாக, மடங்கிக் கொடுக்கிற இணைப்போடு, பெட்டியை எஞ்சினிலிருந்து தள்ளி வைப்பார்கள்.

மாஸ்டா 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு வந்தபோது, எரியாத பெட்ரோலைத் தனிக் கலத்தில் காற்று ஊதி எரித்தார்கள். தெர்மல் ரியாக்டர் என்று பெயர். அது வேலை செய்யக் கலவை கெட்டியாக இருக்கணும், ஆக பெட்ரோல் செலவு கூடும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி! ரோட்டரி கார்கள் தேங்கின. டோயோ கோக்யோ (அப்போது கம்பெனிப் பெயர் அதுதான்) மூழ்கப் பார்த்தது.

காப்பாற்றியது சுமிட்டோமோ வங்கி. சும்மா பணம் கொடுக்கவில்லை, தன் அதிகாரிகளை உள்ளே உட்கார வைத்தது. தொழிற்சாலை ஆட்களைக் கார் விற்க அனுப்பினார்கள். 1977-ல் மாட்சுடா குடும்பத்துக்காரர் தலைவர் பதவியை விட்டார். ஆனால் ரோட்டரியை ஒரேயடியாகக் கைவிடவில்லை. 1978-ல் ஆர்எக்ஸ்-7 வந்து பிய்த்துக்கொண்டு போனது. வங்கிக்காரனாக எனக்குப் பிடித்த இடம் இதுதான் :-)

நம்மூரிலும் இந்த எஞ்சினைச் செய்தார்கள். அகமத்நகர் விஆர்டிஈ, பெங்களூர் என்ஏஎல், ஏடிஈ மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைசக்தி ரோட்டரி எஞ்சினோடு 2009 மார்ச்சில் கோலாரில் நிஷாந்த் ஆளில்லா விமானம் பறந்தது.

அண்ணாச்சி கதைக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குழாய் வளைக்கும் மெஷினுக்குக் கடன் கேட்டு வந்தார். ஃபோர் ஸ்ட்ரோக் ஆட்டோ வந்துகொண்டிருந்த நேரம். இந்தத் தொழில் நிற்காது என்று குறிப்பு எழுதினேன். மனு திரும்பிவிட்டது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

சில வருஷம் கழித்து லீவில் போனபோது அதே சந்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வரிசையாக பஸ் சைலன்சர்கள். கந்துவட்டிக்கு வாங்கினாராம். "வாங்க சார், டீ சாப்பிடுங்க" என்றார். வட்டி எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.